லெப்பை கேட்ட கேள்விகள்

காயல் துறையில் குதிரைக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் மகுதூம் மரைக்காயரைக் கேட்காமல் யாரும் குதிரை வாங்குவதில்லை. அவர் வருவார். குதிரையின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். காதை லேசாக இழுத்துவிட்டு, அது திரும்புகிற வேகத்தைப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு சொல். "ஆகும்." அல்லது, "ஆகாது." ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

அறுபதை நெருங்குகிற வயதில் தொழிலை மருமகன்களிடம் விட்டுவிட்டு அவர் முத்துவாப்பா லெப்பையிடம் சீடராகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? லெப்பை அவருடைய கடைசி மகளைவிட இளையவர். மார்க்கக் கல்வி உண்டு, அரபு நன்றாகத் தெரியும். அதைத் தவிர பார்ப்பதற்கு மீன் வாங்க வந்த ஆள் போலத்தான் இருப்பார்.

சேர்ந்த அன்றே மரைக்காயர் கேட்டார். "லெப்பை சாகிபே, எதைத் தெரிந்துகொண்டால் எல்லாம் தெரிந்ததாக ஆகும்?"

லெப்பை யோசித்தார். யோசிப்பது போலக் காட்டவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"நீங்கள் விற்ற குதிரைகள் எங்கே பிறக்கின்றன?" என்றார்.

"ஹோர்முஸில் ஏற்றுவார்கள்."

"அது ஏற்றுகிற இடம். பிறக்கிற இடம்?"

"உள்நாட்டில் எங்கோ. பாலைவனத்துக்கு அப்பால் புல்வெளி இருக்கிறதாம். மலை இருக்கிறதாம், உச்சி முழுக்க வெள்ளையாக."

"பார்த்ததில்லையா?"

"துறையோடு சரி. சரக்கு அங்கேயே வந்துவிடுகிறதே."

லெப்பையின் கண்கள் பெரிதாயின. "போய்ப் பார்ப்போமா?"

"நான் கேட்டதற்குப் பதில்?"

"எனக்குத் தெரியவில்லை. வழியில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்."

அடுத்த காற்றுக்காலத்தில் இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள்.

ஹோர்முஸ் ஒரு தீவு. மண் சிவப்பு. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர்கூட அக்கரையிலிருந்து படகில் வர வேண்டும். அந்தச் சிவப்பு மண்ணைக் கிள்ளி லெப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். துறையில் நின்ற மரைக்காயரின் பழைய கூட்டாளிகள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"உங்கள் குருவா?" என்றார்கள்.

"ஆமாம்," என்றார் மரைக்காயர். "ஆழமானவர்."

அக்கரை போய் ஒட்டகக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். இங்கே ஒரு சிக்கல் தொடங்கியது. அந்த நாட்டுப் பேச்சு பாரசீகம். லெப்பைக்கு அது வராது. மரைக்காயருக்குத் துறைமுகப் பாரசீகம் நன்றாக வரும். ஆகவே லெப்பை கேட்க நினைப்பதையெல்லாம் மரைக்காயர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

லெப்பை கேட்க நினைக்காத விஷயமே இல்லை.

கிர்மானில் ஒட்டகக்காரனிடம், "ஒட்டகம் அழுமா என்று கேளுங்கள்." சந்தையில் மாதுளை விற்றவளிடம், "முதல் பழத்தை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்." கம்பளம் நெய்கிறவனிடம், "தப்பாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அவிழ்ப்பீர்களா, அப்படியே விட்டுவிடுவீர்களா?"

மரைக்காயர் கேட்டார். பதில் வந்தது. பதிலைச் சொன்னார். லெப்பை, "அப்படியா!" என்றார். ஒவ்வொரு முறையும் அதே வியப்பு. அதில் இம்மியும் குறையவில்லை.

யஸ்து நகரம் முழுக்க மண் வீடுகள். வெயிலில் வெந்த ரொட்டி நிறம். ஒவ்வொரு கூரையின் மேலும் ஒரு கோபுரம், நான்கு பக்கமும் திறப்பு வைத்து. வானத்தில் போகிற காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குவதற்காம். லெப்பை முதல் வீட்டிலேயே கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், உள்ளே கூட்டிப்போய்க் கோபுரத்தின் அடியில் உட்காரவைத்தார். சில்லென்று காற்று இறங்கியது. லெப்பை முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, காற்றைக் குடிப்பது போல உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் சிரித்தார்கள்.

மறுநாள் ஊருக்கு வெளியே. நிலத்தில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மண்மேடு. மலையடியில் இருக்கிற தண்ணீரை நிலத்துக்கு அடியில் வாய்க்கால் வெட்டி ஊர்வரை கொண்டுவருகிறார்கள், குழிகள் அதற்கான வாசல்கள். லெப்பை ஒரு குழியின் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டார். கூட்டத்து வணிகர்கள் எல்லாரும் ஒட்டகங்களை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மரைக்காயரே, இங்கே வாருங்கள். ஓடுகிற சத்தம் கேட்கிறது."

"நான் நம்புகிறேன்," என்றார் மரைக்காயர், நின்ற இடத்திலிருந்தே.

குருவென்றால் கேட்டவனுக்குச் சொல்ல வேண்டும். இவர் போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று இரவு மரைக்காயருக்கு உறக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார்.

இஸ்பகானுக்குள் நுழைந்த அன்று, ரொட்டிக் கடை ஒன்று. அடுப்புக்குள் சூடான கூழாங்கற்கள் குவிந்திருந்தன. கடைக்காரன் மாவை நீளமாக இழுத்து அந்தக் கற்களின் மேலேயே போட்டான். வெந்து வந்த ரொட்டியில் கல்லின் அச்சு பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒன்றிரண்டு கல் ஒட்டிக்கொண்டும் வந்தன. அவற்றைத் தட்டி அடுப்புக்குள் திருப்பிப் போட்டான்.

"கல் ஏன் மாவோடு போய்விடுவதில்லை என்று கேளுங்கள்," என்றார் லெப்பை.

மரைக்காயர் கடைக்காரனிடம் பாரசீகத்தில் சொன்னார். "என் குரு உன் அடுப்பையும் உன் பிள்ளைகளையும் ஆசீர்வதிக்கிறார்."

கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். லெப்பையின் கையைப் பிடித்து முத்தமிட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு ரொட்டியை மடித்துக் கையில் திணித்தான்.

லெப்பை ரொட்டியோடு நின்றார். சிறிது தூரம் நடந்த பிறகு சொன்னார். "இவ்வளவு நெகிழ்ந்துபோகிற அளவுக்கு அந்தக் கல்லில் என்ன இருக்கிறது?"

மரைக்காயர் நடையை வேகப்படுத்தினார்.

லெப்பை ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவரிடம் நீட்டினார். "சாப்பிடுங்கள். நாளைக்கு வேறு கடையில் கேட்போம். அப்போது என் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்."

மரைக்காயருக்குக் காது சூடேறியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். இஸ்பகானில் அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரபு தெரியும். அங்கே லெப்பை யாருடைய உதவியும் இல்லாமல் பேசுவார். அப்போது தெரியும் அவர் யார் என்று.

அப்படியே நடந்தது. ஒரு கல்விச்சாலையின் முற்றம். நான்கு பக்கமும் வளைவுகள், வளைவுகள் முழுக்க நீல ஓடு. நடுவில் குளம். குளத்தைச் சுற்றி வெள்ளைத் தலைப்பாகைகள். தென்கோடியிலிருந்து ஒரு லெப்பை வந்திருக்கிறார் என்று அவர்கள் மரியாதையோடு இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஷர்பத் வந்தது. அதில் பனிக்கட்டி மிதந்தது. லெப்பை அதை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூத்த அறிஞர் கேட்டார்.

"இறைவன் முதன்முதலாகப் படைத்தது எதை? உங்கள் நாட்டில் என்ன சொல்கிறீர்கள்?"

மரைக்காயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரபு அவருக்கு அரைகுறைதான், ஆனால் இந்தக் கேள்வி புரிந்தது.

லெப்பை சொன்னார். "எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

மூத்தவர் ஒரு பதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டு வேறொன்று சொன்னார். மூன்றாமவர் சிரித்துவிட்டு மூன்றாவது ஒன்றைச் சொன்னார். சிறிது நேரத்தில் முற்றம் முழுக்கச் சத்தம். லெப்பை ஒவ்வொருவர் முகத்தையும் ஆவலோடு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் விருந்தாளியை மறந்தே போனார்கள். கடைசியில் லெப்பையும் மரைக்காயரும் எழுந்து வெளியே வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் மரைக்காயர் நின்றுவிட்டார்.

"ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். துறையில் சிரித்தார்கள். யஸ்தில் பெண்கள்கூடச் சிரித்தார்கள். இன்றைக்காவது நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்று நினைத்தேன்."

"திறந்தேனே."

"தெரியாது என்று சொல்லவா?"

"தெரியவில்லை, மரைக்காயரே. என்ன செய்ய?"

"ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம்!"

"எதைச் சொல்லியிருக்கலாம்?"

மரைக்காயர் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் பாலத்தின் கண்களில் புகுந்து அந்தப் பக்கம் நுரைத்துக்கொண்டு போனது.

"புல்வெளிவரை உங்களோடு வருகிறேன்," என்றார். "வாக்குக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து திரும்புகிறபோது நான் தனியாகத் திரும்புகிறேன்."

"சரி," என்றார் லெப்பை. அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

வடகிழக்கே போகிற வணிகக் கூட்டம் ஒன்று கிடைத்தது. மரைக்காயர் தனக்கென்று ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரை வாங்கினார். பல்லைப் பார்த்தார், காதை இழுத்தார், ஆகும் என்றார். கூட்டத்தின் தலைவன் முராத். பாலைவன விளிம்பில் பிறந்தவன், வெயிலில் முகம் தோல்பை போலக் காய்ந்திருந்தது. அவன் பேசுகிற பாரசீகம் வேறு மாதிரி இருந்தது. வேகமாக, பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசினான்.

நாள்கள் போகப் போக ஊர்கள் குறைந்தன. பிறகு மரங்கள் குறைந்தன. பிறகு நிலமே மாறியது.

அவர்கள் கவீரின் விளிம்புக்கு வந்து சேர்ந்தது ஒரு காலையில். கவீர் என்பது உப்புப் பாலைவனம். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. எங்கே தரை முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. வெயில் ஏற ஏற அந்த வெள்ளைத் தரை எங்கோ தொலைவில் டப்பென்று வெடித்தது. பிறகு அமைதி. பிறகு வேறொரு பக்கம் வெடித்தது. ஒட்டகங்கள் காதைத் திருப்பின.

மரைக்காயர்கூட ஒரு கணம் தன் கோபத்தை மறந்து நின்றார். கடலைப் பார்த்திருக்கிறார், புயலைப் பார்த்திருக்கிறார். அலையடிக்காத கடலை இப்போதுதான் பார்க்கிறார்.

முராத் எல்லாரையும் கூட்டி வைத்து ஏதோ சொன்னான். கையை நேராக நீட்டி ஒரு கோடு காட்டினான். பிறகு இரண்டு பக்கமும் காட்டித் தலையை ஆட்டினான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் லெப்பை.

மரைக்காயருக்குப் பாதிதான் புரிந்தது. "வரிசையாக வரச் சொல்கிறான்."

"வரிசையை விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்."

"இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? உப்பு. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். உப்பைப் பற்றி இவனிடம் கேட்க வேண்டுமா?"

"நம் ஊர் உப்பு இப்படி வெடிக்காதே," என்றார் லெப்பை. "அதற்காகவாவது கேளுங்களேன்."

மரைக்காயர் குதிரையில் ஏறிவிட்டார்.

வழி என்று ஒன்று இருந்தது. ஒட்டகங்கள் நடந்து நடந்து அழுக்கேறிய ஒரு பட்டை, அவ்வளவுதான். அதன் இரண்டு பக்கமும் யாரும் மிதிக்காத வெள்ளை. அந்த வெள்ளையில் தேன்கூடு போலக் கோடுகள் எழும்பியிருந்தன. வெயில் பட்டுப் பளபளத்தன. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு மரைக்காயர் வலப்பக்கம் ஒன்றைக் கண்டார். அந்த வெள்ளையின் நடுவே ஒரு நீலம். சிறிய குளம் போல, உருகிய கண்ணாடி போல. தண்ணீரா, உப்புப் பாறையா, கானலா? தெரியவில்லை.

அவருக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவருக்கே, யாரும் சொல்லாமல், ஒன்றைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

குதிரையைத் திருப்பினார். அது நின்றது. குதிகாலால் தட்டினார். முன்காலை உதறிக்கொண்டு பின்வாங்கியது. மறுபடி தட்டினார். மறுபடி பின்வாங்கியது.

"உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?" என்றார். இறங்கி, கடிவாளத்தை ஒட்டகச் சேணத்தில் மாட்டிவிட்டு, நடக்கத் தொடங்கினார்.

தரை தாங்கியது. மத்தளத்தில் நடப்பது போல அடியில் ஒரு ஓசை. நன்றாகவே தாங்கியது. நீலம் நெருங்கியது. பின்னால் முராத் கத்துவது கேட்டது. வரிசை, வரிசை என்கிறான். இதோ வந்துவிடுகிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

தூக்கிய கை இறங்குவதற்குள் தரை உடைந்தது.

முழங்கால்வரை போனார். வெள்ளைக்கு அடியில் கறுப்பு. களி போன்ற கறுப்புச் சேறு. ஒரு காலை இழுத்தார், மற்றது தொடைவரை போனது. அதை இழுத்தார், இடுப்புவரை போனது. கையை ஊன்றினார். ஊன்றிய இடமும் உடைந்தது.

கூட்டம் நின்றுவிட்டது. முராத் வழியின் விளிம்புக்கு ஓடிவந்தான். கயிற்றைச் சுழற்றி வீசினான். எட்டவில்லை. இன்னொரு கயிற்றை முடிந்து வீசினான். கனம் தாங்காமல் அது பாதியிலேயே விழுந்தது. ஓர் அடி எடுத்து வெள்ளையில் வைத்தான். கீழே ஏதோ முனகியது. காலை எடுத்துக்கொண்டான்.

பிறகு கயிறு கையிலிருந்து நழுவ, அவன் இரண்டு கைகளையும் ஏந்தினான். பக்கத்தில் நின்றவர்களும் ஏந்தினார்கள். அவர்களுடைய உதடுகள் அசைந்தன. மரைக்காயருக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சாகிறவன் பக்கத்தில் ஓதுகிற வசனங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அப்போது லெப்பை ஓர் ஒட்டகத்தின் மேலிருந்த கம்பளி விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார். முராத் ஓடிப்போய் அவருடைய அங்கியைப் பிடித்தான். முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி என்னென்னவோ கத்தினான். லெப்பை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கீழே கிடந்த கயிற்றின் ஒரு நுனியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மறுநுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஒரு விரிப்பை வெள்ளையின் மேல் போட்டு அதில் குப்புறப் படுத்தார். இரண்டாவதை முன்னால் தள்ளி விரித்தார். அதன் மேல் ஊர்ந்தார். பின்னால் கிடந்ததை இழுத்து முன்னால் போட்டார். ஒரு பெரிய பல்லி போல, மெதுவாக, வெயிலில் ஊர்ந்து வந்தார்.

"வராதீர்கள்!" என்று கத்தினார் மரைக்காயர். "திரும்பிப் போங்கள்!"

லெப்பை கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று முன்பாக நின்றார். கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டினார். மரைக்காயர் அதை அக்குளுக்கு அடியில் சுற்றிக் கட்டிக்கொண்டார். லெப்பை கையைத் தூக்கினார். வழிக்கரையிலிருந்து இழுத்தார்கள். தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. இடுப்பு அசையவில்லை. மரைக்காயர் அலறினார். லெப்பை கையைத் தாழ்த்தினார். கயிறு தளர்ந்தது.

கரையில் மறுபடி உதடுகள் அசைந்தன.

"மரைக்காயரே."

"என்ன?"

"அடியில் சேறு சூடாக இருக்கிறதா, குளிர்ச்சியாக இருக்கிறதா?"

தனக்குக் காது கெட்டுவிட்டது என்று நினைத்தார் மரைக்காயர். "என்ன கேட்டீர்கள்?"

"பாதத்துக்குப் பக்கத்தில். சூடா, குளிர்ச்சியா?"

"நான் செத்துக்கொண்டிருக்கிறேன்!"

"தெரிகிறது. சூடா?"

"குளிர்ச்சி! குளிர்ச்சி! போதுமா?"

"இரண்டு காலிலும் ஒரே மாதிரிக் குளிர்கிறதா?"

பிறந்ததிலிருந்து மரைக்காயர் தன் கால்களைத் தனித்தனியாக நினைத்துப் பார்த்ததில்லை. உதறுவதை நிறுத்தினார். நிறுத்தினால்தான் பதில் சொல்ல முடியும்.

"இல்லை. இடது கால் அதிகமாகக் குளிர்கிறது."

"ஏன்?"

"எனக்கு எப்படித் தெரியும்!"

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் மேலே அல்லவா இருக்கிறேன்?"

மரைக்காயர் கண்ணை மூடினார். அவருடைய கவனம் மெல்ல மெல்ல அந்தக் கறுப்புக்குள் இறங்கியது. தொடை. முழங்கால். கணுக்கால்.

"தண்ணீர்," என்றார். "இடது பாதத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. கொஞ்சமாக. அங்கே சேறு இளகியிருக்கிறது."

"வலது?"

"இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. சாந்து போல."

"இடது காலை மெல்ல ஆட்டினால் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது?"

ஆட்டினார். இழுக்கவில்லை, ஆட்டினார்.

"மேலே வருகிறது. முழங்காலுக்கு வருகிறது."

"வலது பக்கம் போகிறதா?"

நேரம் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. லெப்பையின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவர் முகம் மட்டும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் முகம் போல இருந்தது.

"போகிறது," என்றார் மரைக்காயர். "லெப்பை சாகிபே, போகிறது! வலது பெருவிரல் அசைகிறது."

"பின்னால் சாய்ந்தால் இந்தச் சேறு முதுகைத் தாங்குமா?"

"தெரியாதே."

"எனக்கும் தெரியாது. பார்ப்போமா?"

லெப்பை ஒரு விரிப்பை அவருடைய முதுகுப் பக்கம் தள்ளினார். மரைக்காயர் சாய்ந்தார். அந்த ஒரு நொடியில் வானம் முழுவதும் அவர்மேல் கவிழ்ந்தது. தலை கீழே போகப் போகிறது என்று பல்லைக் கடித்தார். போகவில்லை. உப்புச் சேறு அவரை ஏந்திக்கொண்டது.

"தாங்குகிறது!" என்றார். "இதென்ன, கடலில் மல்லாந்து கிடப்பது போலவே இருக்கிறதே!"

அந்தக் குரலில் பயம் இல்லை என்பதை அவரே கவனித்தார்.

இடது கால் முதலில் மேலே வந்தது. வலது கால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. லெப்பை கையைத் தூக்கினார். கரையிலிருந்தவர்கள் இழுத்தார்கள். இந்த முறை மெதுவாக இழுத்தார்கள். மரைக்காயர் விரிப்போடு வழுக்கிக்கொண்டே போனார். அவருக்குப் பக்கத்தில் லெப்பை ஊர்ந்து வந்தார்.

கரையில் முராத் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். யாரோ தோல்பையைத் திறந்து மரைக்காயரின் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். பாலைவனத்தில் யாரும் அப்படி ஊற்றுவதில்லை. பழுப்புக் குதிரை அவர் தோளை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

அந்த நீலம் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

கவீரைக் கடந்தார்கள். கல்காடு வந்தது. கல்காட்டுக்குப் பிறகு மலை வந்தது. மரைக்காயர் வலது காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, வழியெல்லாம் அதிகம் பேசாமல் வந்தார். லெப்பை கேட்கச் சொன்னதை மட்டும் கேட்டார். கூட்டாமல் குறைக்காமல் கேட்டார்.

ஒரு காலை, கணவாய் ஒன்றின் உச்சியில் ஏறி நின்றபோது, கீழே பச்சை தெரிந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. வானத்தின் விளிம்புவரை புல். காற்று அடித்தால் அந்தப் புல்வெளி முழுவதும் ஒரே மிருகம் போலச் சிலிர்த்தது. வலப்பக்கத்து மலைகளின் தலையில் வெள்ளை. நடுவே, எறும்புகள் போல, குதிரைகள்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"லெப்பை சாகிபே," என்றார் மரைக்காயர். "சேற்றிலிருந்து ஆளை எடுக்கிற வித்தையை எங்கே படித்தீர்கள்?"

"அங்கேதான். உங்களிடம்."

"அப்படியானால் வரும்போது உங்களுக்கு ஒன்றுமே தெரியாதா?"

"தெரியாது."

மரைக்காயர் வலது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"முராத் கவீரோடு வளர்ந்தவன். இறங்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கூட இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட இறங்கவில்லை. உங்கள் அங்கியைப் பிடித்துக்கொண்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? கத்தினானே, சேற்றில் கிடந்த எனக்கே கேட்டது, அன்றைக்கு அவன் பேச்சு முழுக்கப் புரிந்தது. கவீருக்குள் விழுந்தவனை இதுவரை யாரும் உயிரோடு எடுத்ததில்லை, போனால் நீங்களும் சேர்ந்து போவீர்கள், ஒருவருக்கு ஓதுகிற இடத்தில் இரண்டு பேருக்கு ஓத வைக்காதீர்கள் என்றான்."

"அப்படியா சொன்னான்!" என்றார் லெப்பை. அவர் கண்கள் பெரிதாயின.

"அதைக் கேட்ட பிறகும் எப்படி வந்தீர்கள்?"

லெப்பை சொன்னார். "அவன் என்னவோ சொன்னான், மரைக்காயரே. எனக்குத்தான் அந்தப் பேச்சு புரியாதே. புரியவைக்கிறவர் சேற்றில் இருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று வந்தேன்."